எல்லா மாட்டுக்கும் சிவப்பு

விவசாயிகள் எதையும் படிக்கமாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் தென்கோடியில் விண்டன் ஊரில் கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஃபோன் எடுத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். மருந்து பாட்டிலில் கொட்டை எழுத்தில் அளவு போட்டிருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டே, "ஐல்சா, இத எவ்வளவு போடணும்?" என்று கேட்பார்கள். நானும் அதே பாட்டிலை எடுத்துப் படித்துச் சொல்வேன்.

அதனால்தான் ஷெட்லைட் குழுவில் ஜனங்களுக்குச் சேதி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன். ஃபெர்கஸ் எழுதினால் பொறியாளனுக்குத்தான் புரியும். மெரியானா எழுதினால் நல்லபடியாக இருக்கும், ஆனால் அவள் எழுதவேமாட்டாள். மிச்சம் நான்.

ஷெட்லைட் என்பது நாங்கள் மூவரும் வேலை போக மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். கறவைக் கொட்டகையில் மாடு ஏறி நின்றதும் அதன் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையைப் படித்து, மேலே இருக்கும் விளக்குப் பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும். பச்சை எரிந்தால் பால் தொட்டிக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் மருந்து போட்ட மாடு, தனி வாளியில் கற. அந்த மாட்டின் இடுப்பில் சிவப்புச் சாயம் பூசும் வழக்கமும் உண்டு. ஆனால் எங்கள் சவுத்லேண்ட் சேற்றில் சாயம் எங்கே தெரிகிறது? மருந்து கலந்த பால் ஒரு வாளி தொட்டியில் விழுந்தால் தொட்டி போச்சு. லாரியில் ஏறிவிட்டால் வழியில் ஏற்றிய மற்றவர்களின் பாலும் போச்சு. அப்புறம் அந்தக் குடும்பம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க நாளாகும்.

மென்பொருள் இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பெட்டியையும் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே செய்துகொள்ளலாம். இதில் எங்களுக்குப் பெருமை. சங்கடமும் அதில்தான். எந்தக் கொட்டகையில் எது ஓடுகிறது என்று எங்களுக்கே தெரியாது.

போன இலையுதிர்காலத்தில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டோம். முன்வரிசையில் இருந்தவர்கள் வேறு ஏதோ கம்பெனியின் மென்பொருளால் சூடுபட்டவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களாம். "நீங்களும் அதத்தானே செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றேன்.

"எதாவது மாறப்போகுதுன்னா முன்னாடியே உங்க காதுக்கு வரும். எங்ககிட்டருந்து சத்தமே வரலைன்னா ஒண்ணும் மாறலைன்னு அர்த்தம். நிம்மதியாக் கறங்க. இது என் வார்த்தை."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஃபெர்கஸின் அப்பா மர்டோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமோ மகனைக் காட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்று என்னை யாராவது தேர்தலில் நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன்.

வார்த்தையைக் காப்பாற்றும் வேளை சீக்கிரமே வந்தது. பழைய விளக்குப் பெட்டிகளின் ரேடியோ சமிக்ஞையில் ஒரு கோளாறு. பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் ஒன்றின் சேதியை இன்னொன்று கேட்டுவிடுகிறது. சமிக்ஞையையே மாற்றியாக வேண்டும். புதிய பதிப்பில் புதிய சமிக்ஞை மட்டும்தான். கொட்டகைக் கணினிகள் புதிய பதிப்பை இணையத்திலிருந்து தாமாகவே இறக்கிக்கொள்ளும், விளக்குப் பெட்டிகள் அப்படி இல்லை. பழைய பெட்டிக்குள் புது நிரலை ஏற்றாவிட்டால் அதற்கு ஒன்றும் கேட்காது. ஏற்றுவது பெரிய வேலை இல்லை, ஒரு கேபிளும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் ஏற்ற வேண்டும் என்று முதலில் தெரியவேண்டுமே.

மே மாதம் மெரியானா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். மெரியானா கணவனோடு மாடு வைத்திருப்பவள். எங்கள் நிரலில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் பங்கு. ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டும் எங்கள் ஊர் சீஸ் ரோலை ஒரு தட்டு நிறையச் சுட்டு வைத்திருந்தாள்.

நான் என் திட்டத்தை விரித்தேன். இணையதளத்தில் அறிவிப்பு, மின்னஞ்சல், கொட்டகைக் கணினியின் திரையில் எச்சரிக்கை, உள்ளூர் வானொலியில் காலை வானிலைக்கு அடுத்தபடி ஒரு வரி, மருத்துவமனையிலும் பூட்ஸ் கடையிலும் போஸ்டர்.

"கல்யாணப் பத்திரிகையும் அடிச்சிரு," என்றான் ஃபெர்கஸ்.

"உனக்கு ஆகும்போது அடிக்கிறேன். அதுக்கும் யாரும் வரமாட்டாங்க."

"இல்ல ஐல்சா, நான் நெசமாவே கேக்குறேன். இவ்வளவு சொன்னாலும் எவன் படிப்பான்? நீதானே சொல்லுவ, பாட்டிலையே படிக்கமாட்டாங்கன்னு. வாயால சொன்னா ஏறாது. கொஞ்ச நாளைக்குப் பழைய சமிக்ஞைய நிறுத்திப் பாப்போம். எவன் பெட்டி வேலை செய்யலையோ அவன் தானாக் கூப்பிடுவான். மாத்திக் குடுத்துருவோம்."

நல்ல யோசனைதான். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். நிரந்தரமாக அணைப்பதற்கு முன் ஒத்திகையாக அணைப்பது.

மெரியானா ரோலைக் கீழே வைத்தாள். "டேய், சமிக்ஞை வரலைன்னா பழைய பெட்டி என்ன காட்டும்?"

ஃபெர்கஸ் காதைச் சொறிந்தான். "பச்சை."

"மருந்து போட்ட மாட்டுக்கும் பச்சை."

"ஆமா. ஸ்கூல்ல படிக்கும்போது நான் டிசைன் பண்ணது. பச்சை எப்பவும் எரியும், சொன்னாத்தான் சிவப்பு. அப்ப அது புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுது."

"அப்ப கறவை நடக்கும்போது அணைக்கவே முடியாது," என்றேன். உடனே எனக்கே பதில் தோன்றியது. "ஜூன்ல அணைப்போம். மாடு எல்லாம் வத்தியிருக்கும். பாலே கிடையாது, கெட்டுப்போக ஒண்ணும் இல்ல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம். அப்போதும் கறக்கும் சில பண்ணைகளை எனக்குப் பேர் பேராகத் தெரியும். அவர்கள் பெட்டிகளை நேரில் போய் மாற்றிவிடலாம். மற்ற எல்லோருக்கும் வருடத்திலேயே பயமில்லாத வாரம் அது. அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்ததைவிட அதிகத் தன்னம்பிக்கை நியூசிலாந்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

ஜூனில் அணைத்தோம். போஸ்டர் போட்டேன், வானொலியில் நானே பேசினேன், மின்னஞ்சல் அனுப்பினேன். ஃபோன் வருமென்று காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை.

வாரக் கடைசியில் ஃபெர்கஸ் என்னை மருத்துவமனையிலேயே வந்து பார்த்தான். முகமெல்லாம் பல்.

"பாத்தியா? ஒருத்தன்கூடக் கூப்பிடல. பழைய பெட்டி யார்கிட்டயும் இல்ல. எல்லாரும் மாத்திட்டாங்க. உன் போஸ்டர் வேலை செஞ்சிருச்சு, ராணி."

எனக்கும் குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன். ஜூலை முதல் தேதி புதிய பதிப்பு வெளியீடு என்று அவன் ஏற்கெனவே எல்லா இடத்திலும் அறிவித்திருந்தான். கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு கூட்டத்தில் மேடையேறிக் காட்டவும் போகிறான். ஜோராகக் காட்டிவிட்டு வா ராசா என்று வாழ்த்தினேன்.

அவன் போன சிறிது நேரத்தில் டாக்டர் இன்னஸ் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டார்.

"என்ன, ஃபோனே அடிக்கல?"

"மடிநோய்க் கேஸ் ஒண்ணுகூட இல்ல டாக்டர் இந்த வாரம். மாடெல்லாம் ஜம்முன்னு இருக்கு."

"ஜம்முன்னா? மடியே காஞ்சு கிடக்கு. யாரும் கையே வைக்கலையே, நோய் இருந்தா எவனுக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டைத் தேடிப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. கணினி அணைந்திருக்கிறது. விளக்குப் பெட்டிக்கு மின்சாரமே போகவில்லை. மாடுகள் வயலில் கிழங்கு தின்றுகொண்டிருக்கின்றன. பால் இல்லாததால் பயமில்லை என்று அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பால் இல்லாததால் பார்க்க ஆளும் இல்லை. யாரும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரவில்லை, எல்லோரும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.

மாட்டோடு பிறந்து வளர்ந்த மூன்று பேர் செய்த காரியம் இது. பட்டணத்துக்காரன் செய்திருந்தால் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்போம்.

அன்று மாலையே மெரியானா வீட்டில் மறுபடி கூடினோம். நான் சொல்லி முடித்ததும் மெரியானா கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஃபெர்கஸ் சிரிக்கவில்லை.

"இருக்கலாம். ஆனா பழைய பெட்டி இருக்குன்னும் ஆதாரம் இல்லையே."

"இல்லைன்னும் ஆதாரம் இல்ல."

"ஐல்சா, எவன்கிட்ட இருக்கும்? அது நான் பதினஞ்சு வயசுல செஞ்ச சாமான். இப்ப எவன் வெச்சிருப்பான்? நீ சொல்லாத இடம் இல்ல. உன் கடமை முடிஞ்சுது. இதுக்கு மேல படிக்காதவன் தலையெழுத்து."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். தாழ்ந்தது.

"நான் மன்றத்துல என்ன சொன்னேன்? போஸ்டர் ஒட்டுவேன்னா சொன்னேன்? காதுக்கு வரும்னு சொன்னேன். ஒட்டுறது என் வேலை, வந்து சேர்றது அவன் தலையெழுத்துன்னா, அந்தக் கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆகஸ்ட்ல ஒருத்தன் பச்சைய நம்பி மருந்துப் பாலை லாரில ஏத்துவான். அவன் முதல்ல கூப்பிடப்போறது உன்னை இல்ல. என்னை. என் மேசை ஃபோன்ல."

"சரி, என்ன பண்ணணுங்கிற? தேதியத் தள்ளிட்டு மறுபடி அணைக்கவா? கறவைல அணைச்சா ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மெரியானா எழுந்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"அணைக்க வேணாம். சிவப்பாக்கிடு."

"என்னது?"

"பழைய சமிக்ஞைய நிறுத்தாத. அதுல ஒரே ஒரு சேதி அனுப்பு. சிவப்பு. எந்த மாடு ஏறினாலும் சிவப்பு. பச்சையா இருந்தா எவனும் நிமிந்து பாக்கமாட்டான். மந்தை மொத்தமும் சிவப்புன்னா கறக்கிறவன் கையில இருக்கிறதப் போட்டுட்டு வெளிய வருவான். தப்பா நம்பினாலும் நல்ல பால் வாளிக்குப் போகும், கெட்ட பால் தொட்டிக்குப் போகாது."

"நல்ல பாலை வீணாக்கினா அடிக்க வருவாங்க," என்றான் ஃபெர்கஸ்.

இதற்கு நான் ரெடி. "ஆகஸ்ட் நடுவுல பண்ணுவோம். கன்னுக்குட்டிப் பட்டி நிறைஞ்சிருக்கும். அன்னிக்கு வாளில விழுறதக் கன்னுங்க குடிச்சிரும். ஒரு கறவைக்கு யாரும் சாகமாட்டாங்க."

ஃபெர்கஸ் எழுந்து சன்னல் பக்கம் போனான். பழைய சமிக்ஞையைத் துடைத்து எறிவதற்காகத்தான் அவன் குளிர்காலம் முழுக்க உழைத்தான். சுத்தமான நிரலில் ஒரு மூலையில் அந்தக் குப்பையை மறுபடி வைக்கச் சொல்கிறோம். மேடையில் காட்ட ஒன்றும் இருக்காது. அவன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை.

"ஒரு சீசன் மட்டும்," என்றான் கடைசியில். "ஒருத்தனும் கூப்பிடலைன்னா வருஷம் பூரா நீதான் சீஸ் ரோல் சுடணும்."

"கூப்பிட்டா?"

"எல்லா ஃபோனையும் நானே எடுக்கிறேன்."

மெரியானா அதற்குச் சாட்சி.

கிரைஸ்ட்சர்ச்சில் அவன் மேடையேறி, வெளியீடு தள்ளிப்போனதைச் சொன்னான். காரணத்தையும் மறைக்காமல் சொன்னானாம். வற்றிய மாட்டிடம் ஒத்திகை பார்த்த கதைக்குக் கூட்டம் நன்றாகச் சிரித்ததாம். திரும்பி வந்தபோது அவனிடம் பழைய முறைப்பு இல்லை.

நான் சேதியைப் புதிதாக எழுதினேன். முதல் அறிவிப்பில் சமிக்ஞை, பதிப்பு, பொருத்தம் என்று ஒரு பக்கம் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை எழுதியது இவ்வளவுதான்: "புதன்கிழமை காலை எல்லா மாட்டுக்கும் சிவப்பு எரிந்தால் உங்கள் பெட்டி பழையது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஐல்சாவைக் கூப்பிடுங்கள்." கீழே என் எண். அதே வாசகம் திரையில், வானொலியில், போஸ்டரில். பால் வாங்கும் தொழிற்சாலைக்கும், பக்கத்து ஊர் மருத்துவர்களுக்கும் நானே ஃபோன் போட்டுச் சொன்னேன். யாராவது பதறிக் கூப்பிட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை மெரியானா வீட்டு மேசையில் என் ஃபோனை நடுவில் வைத்தோம். வெளியே தெற்குக் காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. ஃபெர்கஸ் இரண்டாவது காப்பியைக் குடித்துவிட்டு, "வெங்காய சூப் பொடி போட்ட ரோலா சுடு, அதான் எனக்குப் புடிக்கும்," என்று ஆரம்பித்தான். ஃபோன் அடித்தது.

"எடு," என்றேன்.

எடுத்தான். முதல் ஆள் டிப்டன் ஊரிலிருந்து. "யாருடா அது? ஐல்சா எங்க? இங்க ஒவ்வொரு மாடும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி செவப்பா நிக்குது." ஃபெர்கஸ் பணிவாகப் பெயர் கேட்டு, கேபிளோடு வருவதாகச் சொன்னான். வைத்த கையோடு அடுத்தது. "போஸ்டர்ல போட்டிருந்தது நெசந்தானா? நான் ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்." அதற்கடுத்தது ஒரு பெண்மணி, அவர் பெட்டியை முந்தைய குத்தகைக்காரர் சுவரில் விட்டுவிட்டுப் போனாராம். இன்னொருவர் எங்கள் மென்பொருள் தன்னிடம் ஓடுகிறது என்பதே தெரியாதவர். அவரிடம் மட்டும் ஃபெர்கஸ் வெகுநேரம் பேசினான்.

மெரியானா மேப்பை விரித்து யார் வீட்டுக்கு யார் போவது என்று பிரித்தாள். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எழுந்து ஆடாத குறை.

"பதினஞ்சு வயசுப் பையன் செஞ்ச சாமானாச்சே, நல்லா உழைக்குதே," என்றேன்.

"போதும் ஐல்சா," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது மறுபடி மணி அடித்ததால் நானே எடுத்து, அவனுக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐல்சாவாம்மா? ஒட்டாட்டவ்லருந்து மர்டோ பேசுறேன்."

அப்பாவின் குரலைக் கேட்டதும் ஃபெர்கஸ் குழாயடியில் அப்படியே நின்றான்.

"சொல்லுங்க மர்டோ."

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா. இங்க எல்லாம் செவப்பா எரியுது. கறக்குறத நிறுத்திட்டேன். மூணு மாட்டுக்கு மருந்து போட்டிருக்கு, சேத்துல சாயம் போயிருச்சு, எது எதுன்னு எனக்கு விளக்கைப் பாத்தாத்தான் தெரியும். பையனக் கூப்பிடலாம்னு பாத்தேன். அவனுக்கு இன்னிக்கு ஏதோ பெரிய வேலைன்னு அவங்கம்மா சொன்னா. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"உங்க பெட்டி எது மர்டோ?"

"அவன் முதமுதல்ல செஞ்சதுதான். வேற எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

நான் ஃபெர்கஸைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. "திரையில எச்சரிக்கை வந்திருக்குமே? போஸ்டர் பாத்தீங்களா?"

"திரை செத்து ரெண்டு வருஷமாச்சு. விளக்கு எரியுது, அப்புறம் திரை எதுக்கு? போஸ்டர் பாத்தேம்மா. உங்க ஆஸ்பத்திரில நின்னு முழுசாப் படிச்சேன். மத்தவங்களுக்குன்னு நினைச்சேன். நம்ம பெட்டின்னா ஃபெர்கஸ் சொல்லியிருப்பானே. நீதான் மன்றத்துல சொன்ன, சத்தம் வரலைன்னா ஒண்ணும் மாறலைன்னு."

படிக்காதவர் என்று நான் எழுதி வைத்திருந்த கூட்டத்தில் என் போஸ்டரை முழுதாகப் படித்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். ஜூலை முதல் தேதி வெளியிட்டிருந்தால் இன்று இவர் கொட்டகையில் அந்த மூன்று மாடும் பச்சையில் நின்றிருக்கும்.

ஃபெர்கஸ் வந்து ஃபோனைக் கையில் எடுத்தான்.

"அப்பா, நான்தான்."

"அட, நீ அங்கதான் இருக்கியா? ஒண்ணுமில்லடா, அவசரமில்ல, நீ வேலையப் பாரு."

"அப்பா, பெட்டி மாறுது. பழசு இனிமே வேலை செய்யாது. நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஊர் பூராவுக்கும் சொன்னோம்."

"சரி. இப்ப சொல்லிட்டல்ல," என்றார் மர்டோ. "மாடு நிக்குது. எப்ப வர்ற?"

ஃபெர்கஸ் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் மேசைமேல் கேபிளைத் தேடினான். மெரியானா எடுத்துக் கொடுத்தாள். டிப்டன்காரர்தான் வரிசையில் முதல். நான் அவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் தாமதமாகும், மருந்து போட்ட மாடு ஒட்டாட்டவ்வில் காத்திருக்கிறது என்று சொன்னேன்.